கழற்றி வைத்த நம்பர்

போன் அடிக்கவில்லை.

தையலம்மா அதை மேஜை மேல் வைத்தாள். உடனே எடுத்தாள். மணிச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒலிக்க விட்டுப் பார்த்தாள். சின்ன பட்டன் போன்தான், ஆனால் அந்த ஓட்டல் அறைக்கு அது போதும். குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"யாரும் இல்ல. கை பட்டுடுச்சு."

"சும்மா நோண்டிக்கிட்டே இருந்தா சார்ஜ் இறங்கிடும்."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. அங்கே நின்ற கப்பல்களில் எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. தன்னுடையது என்றா நினைத்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. மகள் இருக்கிற கப்பல், அவ்வளவுதான்.

துணி தைத்துக் கொடுப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் தையலம்மா, அவள் கணவர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். புது மாதிரி இயந்திரத்தில் பயிற்சி எடுத்துவர கம்பெனி அவரை இந்த வெளிநாட்டுத் துறைமுக ஊருக்கு அனுப்பியிருந்தது. கடைசி நாள் பரீட்சையில் தேறினால் சூப்பர்வைசர். "நானும் ஒரு தடவை பிளேன்ல ஏறிப் பார்க்கறேனே" என்று தையலம்மா தன் சேமிப்பில் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். அவர் அதை அப்படியே நம்பினார்.

உண்மையான காரணம் வேறு. அவர்களுடைய சின்னவள் ஒரு பயணிகள் கப்பலில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்கு அவள் கிளம்பிய அன்று அப்பாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. "போனா போன மாதிரியே இரு" என்று அவர் சொன்னார். அவளும் அப்படியே இருந்துவிட்டாள். அம்மாவுக்கு மட்டும் எப்போதாவது கூப்பிடுவாள், அதுவும் கப்பல் கரைக்கு வரும்போது. நடுக்கடலில் டவர் கிடையாது. கப்பலில் இருக்கும் போனில் பேசினால் சம்பளமே போய்விடும். ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த ஊர் சிம் ஒன்று வாங்குவாள், பேசுவாள், தூக்கிப் போட்டுவிடுவாள். அவள் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது அம்மா நம்பர் ஒன்றுதான்.

போன மாதம் அவள் கூப்பிட்டபோது, அப்பா பயிற்சிக்குப் போகிற ஊர் பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், "அதே வாரம் எங்க கப்பலும் பழுது பார்க்க அங்கதான்மா நிக்கும். வந்துடு. எனக்கு எப்ப லீவு விடுவாங்கன்னு தெரியாது. துறைமுகத்துல எந்த கேட்டுக்கு வரணும்னு நான் உனக்குக் கூப்பிட்டுச் சொல்றேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

இன்று சாயங்காலம் அந்தக் கப்பல் கிளம்புகிறது. இதுவரை ஒரு கால் கூட வரவில்லை.

லிஃப்ட்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். பயிற்சி அட்டையைக் கழுத்தில் மாட்டினார். தன் டச் போனை எடுத்து ஃபிளைட் மோடில் இருக்கிறதா என்று பார்த்தார். தினமும் காலையில் இதைப் பார்க்காமல் அவர் படி இறங்குவதில்லை.

காரணம் உண்டு. அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் போன வருஷம் இதே பயிற்சிக்கு வந்துவிட்டுத் திரும்பினார். சட்டைப் பையில் சும்மா கிடந்த போன் தானாகவே நெட்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஊருக்குப் போனதும் வந்த பில்லைப் பார்த்து அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து ரோமிங், அதாவது வெளிநாட்டிலும் ஊர் நம்பரிலேயே பேசுவது, என்ற சொல்லைக் கேட்டாலே லிஃப்ட்காரர் போனைத் தூர வைத்துவிடுவார். ரூமில் வைஃபை இருக்கும்போது மட்டும் பேச்சு. வெளியே போகிற இடத்தின் வரைபடத்தை ரூமிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியது. வழியில் யாராவது இலவச வைஃபை கொடுத்தால் அதில் பாஸ்வேர்டு எதையும் அடிக்கக் கூடாது. தையலம்மாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

"இன்னிக்குப் பரீட்சை. வர நேரமாகும். எங்கயும் போகாதே. போனா இந்த அட்டையைக் காட்டு, டிரெயினிங் சென்டர் விலாசம் இருக்கு" என்றார்.

"நல்லா எழுதுங்க."

"எழுதறதா? லிஃப்ட் மேல ஏறி நின்னு செஞ்சு காட்டணும்."

கதவு சாத்தியது. தையலம்மா மறுபடி போனைப் பார்த்தாள்.

உட்கார முடியவில்லை. படுக்கை விரிப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைக் கலைத்து மறுபடி சரிசெய்தாள். நாள் கணக்காக இதே வேலை. மகள் மறந்திருப்பாளா? மறக்கிற பெண் இல்லை. மனசு மாறியிருக்குமா? மாறியிருந்தால் அதையாவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மகள் கூப்பிட்டு, இங்கே கேட்காமல் போயிருந்தால்?

கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே வரவேற்பறைக்கு இறங்கினாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகளையும் கை ஜாடையையும் வைத்து விஷயத்தைச் சொன்னாள். இந்த நம்பருக்கு ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும், காசு கொடுத்துவிடுகிறேன். அந்தப் பெண் நம்பரையும் தையலம்மா கையில் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிறவளுக்கே போன் போடச் சொல்கிறாளே என்று தோன்றியிருக்கும். ஆனாலும் அடித்து, ரிசீவரை அவள் காதில் வைத்தாள்.

தையலம்மாவின் உள்ளங்கையில் இருந்த போன் அசையவில்லை. ரிசீவரில் ஒரு பெண் குரல் பழகின மொழியில் அமைதியாகச் சொன்னது, தாங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? போன் இதோ விளக்கெரிய அவள் கையில் இருக்கிறது.

வெளியே வாசல் படியில் நின்று பெரியவனுக்கு அடித்தாள். பெரியவன் அவர்களுடைய மூத்த மகன், ஊரில் ஒரு போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவன். தங்கை விஷயம் அவனுக்கு மட்டும் தெரியும்.

"யாருங்க பேசறது?" என்றான் அவன்.

"நான்தாண்டா."

"அம்மாவா? இது என்ன நம்பர்?"

"என்ன நம்பர்னா? என் நம்பர்தான்."

"இல்லம்மா. இது அந்த ஊர் நம்பர். உன் போன்ல அப்பா ஏதாவது பண்ணாரா?"

தையலம்மாவுக்கு விமான நிலையம் ஞாபகம் வந்தது. அவள் கை கழுவப் போய்விட்டுத் திரும்பியபோது அவர் ஒரு கடை முன்னால் நின்று அவள் போனின் பின்மூடியை மாட்டிக்கொண்டிருந்தார். "உன் போன் ரெடி" என்றார். என்ன ரெடி என்று அவள் கேட்கவில்லை.

"பழைய சிம்மைக் கழட்டிட்டு உள்ளூர் சிம் போட்டிருக்காரு" என்றான் பெரியவன். "செலவு மிச்சம்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனா உன் சிம்முக்கு நான் ரோமிங் போட்டு வச்சிருந்தேன்மா, அவ கூப்பிடுவான்னுதான். ராத்திரியெல்லாம் அப்பா போன்லயே வைஃபைல பேசினதால எனக்கும் தெரியாம போச்சு."

"அப்ப அவ கூப்பிட்டது?"

"ஆஃப்னு வந்திருக்கும்."

தையலம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, கேளு. பழைய சிம்மை மறுபடி போட்டா, யார் யார் கூப்பிட்டாங்கன்னு மெசேஜ் வந்து விழும். மெசேஜ் வர்றதுக்குக் காசு இல்ல. அவ நம்பர் கிடைச்சிடும். அந்த சிம்லேர்ந்து நீயா யாருக்கும் பேசாதே, அதுலதான் காசு பிச்சுக்கிட்டுப் போகும். வர்ற காலை மட்டும் எடு. சிம் எங்க இருக்கு?"

"அவர் பர்ஸ்ல இருக்கும். வேற எங்க?"

"அப்ப அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

"எப்படிடா சொல்லுவேன்?"

"சொல்லலைன்னா கப்பல் போயிடும்மா."

அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. விலாச அட்டையைப் பஸ் டிரைவரிடம் காட்டினாள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள், பதற்றத்தில். மீதித் தூரத்தைப் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகக் கடந்தாள். செருப்பு வார் காலைக் கடித்தது.

டிரெயினிங் சென்டர் உள்ளே ஒரு பெரிய கூடம். நடுவில் சுவரே இல்லாத லிஃப்ட் ஒன்று இரும்புச் சட்டங்களுக்கு இடையே உயரத்தில் நின்றது. காவலாளி அவள் தலையில் ஒரு ஹெல்மெட்டை வைத்துத்தான் உள்ளே விட்டார். அண்ணாந்து பார்த்தாள். லிஃப்டின் கூரை மேல் அவள் கணவர் நின்றிருந்தார், இடுப்பில் கயிறு, கையில் விளக்கு. கீழே ஒரு பயிற்சியாளர் மற்றவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

கணவர் அவளைப் பார்த்துவிட்டார். லிஃப்ட் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. அது தரைக்கு வருவதற்குள் தையலம்மா சொல்ல வேண்டியதை நாலு விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். எதுவும் நன்றாக இல்லை.

"என்ன ஆச்சு? ரூம் சாவியைத் தொலைச்சிட்டியா?"

"என் சிம் எங்க?"

"எந்த சிம்?"

"என் போன்ல இருந்தது."

"பத்திரமா இருக்கு. அதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? பரீட்சை நடக்குது. இப்ப பார்த்தது ஒத்திகை, என் முறை அடுத்ததா வரப்போகுது."

"அந்த நம்பருக்குத்தான் சின்னவ கூப்பிடுவா" என்றாள் அவள். "அவ கப்பல் இங்கதான் நிக்குது. நாம வந்த நாள்லேர்ந்து. சாயங்காலம் போயிடும்."

லிஃப்ட்காரர் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக இழுத்து, நிதானமாக. முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடுவார். இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைக் கூட்டிட்டு வந்திருப்பீங்களா?"

அவர் பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸை எடுத்தார். கறுப்பு டேப்பில் ஒட்டி வைத்திருந்த சிம்மைப் பிரித்தார். அங்கிருந்த வேலை மேஜையில் ஸ்பேனர்களைத் தள்ளி இடம் செய்து, அவள் போனின் மூடியைத் திறந்து, பேட்டரியையும் உள்ளூர் சிம்மையும் எடுத்து, பழைய சிம்மை அதன் இடத்தில் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கான விரல்கள்.

"எடுத்த சிம்மை என்ன பண்றது?" என்றாள்.

"அது என் போன்ல போகட்டும். ரெண்டு நம்பரும் உயிரோட இருக்கும். அவ கூப்பிட்டா உன்கிட்ட வரும். நாம கூப்பிடணும்னா இதுல கூப்பிடலாம், காசும் ஆகாது." சொல்லிக்கொண்டே அதைத் தன் போனில் செருகி, நெட்டை அணைத்து, ஃபிளைட் மோடையும் எடுத்துவிட்டார். "முதல் நாளே இப்படிச் செஞ்சிருக்கலாம். டச் போன்ல போட்டா தானா நெட் இழுக்குமோன்னு பயந்துட்டேன்."

பட்டன் போன் விழித்துக்கொண்டது. டவரைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. இருவரும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் தலை குனிந்து நின்றார்கள், இரண்டு ஹெல்மெட்டும் இடித்துக்கொண்டன.

முதலில் வந்தது இந்த நாட்டுக்கு வரவேற்கும் மெசேஜ், கட்டண விவரத்தோடு. அவர் அதைப் படிக்காமல் தள்ளினார். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே உள்ளூர் நம்பர். கடைசியாக ஒரு மெசேஜ்.

தையலம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடி ஓட்டல் மேஜையில் கிடந்தது. "படிங்க" என்றாள்.

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு படித்தார், ஒரு எழுத்தும் விடாமல்.

"அம்மா, தினமும் கூப்பிடறேன். போன் ஆஃப்னே வருது. நீ வரலையா, இல்ல அப்பா வாங்கி வச்சுக்கிட்டாரா? அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா பரவாயில்லமா. உன்னைத் திட்டாம இருந்தா சரி."

பயிற்சியாளர் அந்தப் பக்கமிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டார். லிஃப்ட்காரரின் முறை வந்துவிட்டது.

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பயிற்சியாளரிடம் ஏதோ கேட்டார். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி அதே தலையாட்டல். லிஃப்ட்காரர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"மதியம் வைக்க மாட்டாங்களாம். முடிச்சாச்சுன்னா முடிச்சாச்சாம்."

"அப்ப செஞ்சுட்டு வாங்க. நான் முன்னாடி போறேன்."

"எங்கன்னு போவே? கேட் எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன. வா."

சூப்பர்வைசர் வேலைக்காக அவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் வாசல் தாண்டிவிட்டார்.

துறைமுகப் பக்கம் போகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. லிஃப்ட்காரர் தன் போனில் இருந்து அந்த உள்ளூர் நம்பருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எதிர் சீட்டில் இருந்த குழந்தை அவரையே பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் தையலம்மா கவனித்தாள், அவர் தலையில் ஹெல்மெட் இன்னும் இருந்தது. கையை உயர்த்திப் பார்த்தாள். அவள் தலையிலும்.

"கழட்டுங்க, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

சிக்னலுக்கு சிக்னல் பஸ் நின்றது. அவர் ஒவ்வொரு முறையும் முன்பக்கம் எட்டிப் பார்த்தார், டிரைவர் வேண்டுமென்றே செய்வதுபோல. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதன் மேல் கை வைத்தாள். கையோடு சேர்ந்து ஆடியது.

அப்போது அவள் போன் அடித்தது.

பழைய மணி, பழைய நம்பரில். தையலம்மா பச்சைப் பட்டனை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவதில் அழுத்தினாள்.

"அம்மா?"

"நான்தாம்மா. நான்தான். போன்ல சிம் மாறிப்போச்சு, அதான். உனக்கு வேற நம்பர்லேர்ந்து அடிச்சோம், நீ எடுக்கல."

"தெரியாத நம்பர், அதான் எடுக்கல. நீ எங்க இருக்கே?"

"பஸ்ல வந்துக்கிட்டே இருக்கோம். எந்த கேட்டுன்னு சொல்லு. சீக்கிரம் சொல்லும்மா, வர்ற காலுக்கும் காசு ஓடும்."

"நீ நிதானமாப் பேசு" என்றார் பக்கத்தில் இருந்த லிஃப்ட்காரர்.

அந்தக் குரல் போனுக்குள் போயிருக்க வேண்டும். மறுமுனை நின்றுபோனது. கடற்காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. நொடிகள் ஓடுவது திரையில் தெரிந்தது.

"அப்பா கூட வர்றாரா?"

"ஆமாம்."

"அவர்கிட்ட குடு."

அவள் கொடுத்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, பிறகுதான் போனைக் காதில் வைத்தார். "ம்" என்றார். கேட்டார். வெகுநேரம் கேட்டார். நடுவில் ஒருமுறை, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அப்புறம், "அங்கயே நில்லு. வெயில்ல நிக்காதே" என்றார். போனை மனைவியிடம் நீட்டியபோது அழைப்பு முடிந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"கடைசி கேட். சரக்கு லாரி போற வழி."

"பாஸ் வாங்கணுமா? உள்ள விடுவாங்களா?"

"உள்ள போக வேண்டாம். அவ வெளிய வந்துட்டா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பெட்டியோட."

"பெட்டியோடயா? சாயங்காலம் கப்பல் கிளம்புதே."

"ஏறலையாம்."

"ஏன்?"

"நேர்ல சொல்றேன்னா. நான் மேற்கொண்டு கேட்கல. உங்க கூடவே ஊருக்கு வரலாமான்னு கேட்டா."

தையலம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்வாங்க? டிக்கெட் பெரியவன்கிட்ட சொல்லிப் போடச் சொல்லுவோம்னேன்."

பஸ் நிற்பதற்குள் அவர் கதவருகே போய்விட்டார். இறங்கியதும் வேகமாக நடந்தார். தையலம்மா பின்னால் ஓடினாள். வரிசையாக நின்ற லாரிகளைத் தாண்டி, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு மஞ்சள் தூணை ஒட்டி அவள் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். காலடியில் சக்கரம் வைத்த பெட்டி.

"சின்னவளே" என்று கூப்பிட்டுக்கொண்டே தையலம்மா கையை வீசினாள். மகளும் கையை உயர்த்தினாள், இடது கையை மட்டும்.

லிஃப்ட்காரர் சட்டென்று நின்றுவிட்டார். மகளின் வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. அவள் அதை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டாள், ஆனால் விரல் நுனியில் இருந்து முழங்கைக்கு மேல் வரை சுற்றியிருந்த வெள்ளைத் துணிக்கட்டை அவர் பார்த்துவிட்டார். கப்பலில் ஏன் ஏறவில்லை என்று அவருக்குப் புரிந்தது.

அம்மா இன்னும் பார்க்கவில்லை. மகள் அப்பாவைப் பார்த்து, சொல்லாதீங்க என்பதுபோலத் தலையை மிக லேசாக அசைத்தாள்.